பாட்டு யாருக்குச் சொந்தம்?

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயின்று வெளியேறியோர் உட்பட எமது தமிழ், முஸ்லிம் ஆசிரியர் பலர் சிறுவர் பாடல்களையும் பாடசாலைக் கீதங்களையும் தாமே இயற்றி மெட்டமைத்து வருகின்றனர். அப்பாடல் பின்னர் யாருக்கு உரியது என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

உலகறிந்த கேளிக்கைப் பூங்காப் பாடலான 'இட்ஸ் எ ஸ்மோல் வேர்ல்ட்' இவ்விடயத்தில் கவனிக்கத்தக்கது. 1964 இல் தொடங்கிய நியூயோர்க் உலகக் கண்காட்சியில், யுனிசெப் நிறுவனத்துக்கு ஆதரவாக அமைந்த பெப்சி கோலா மண்டபத்தின் படகுச் சவாரிக்கென அது எழுதப்பட்டது. 1966 இல் சவாரி கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாண்டுக்கு இடம்பெயர்ந்தது. பாடலை ஆக்கிய ரொபர்ட், ரிச்சர்ட் ஷேர்மன் சகோதரர்கள் டிஸ்னி நிறுவனத்தின் சம்பளத்தில் பணியாற்றியவர்கள். எனவே உரிமை நிறுவனத்தின் பதிப்பகத்துக்கே சென்றது. அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டுகள், அதாவது 2050களின் இறுதிவரை, அது நீடிக்கும். உலகக் குழந்தைகள் யாவரும் ஒன்றென்று பாடும் பாட்டுக்கே இத்துணை நீண்ட வேலி!

எனினும் ஷேர்மன் சகோதரர்களுக்குப் பெயரும் புகழும் கிட்டின. தென்னாபிரிக்கப் பாடகர் சொலமன் லிண்டாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவர் 1939 இல் ஒலிப்பதிவு செய்த 'ம்பூபே' பாடலின் உரிமை 10 ஷில்லிங்குக்குக் கைமாறியதாகக் கூறப்படுகின்றது. 1962 இல் அவர் வறுமையில் மறைந்தார். அம்மெட்டோ வேறு பெயரில் உலகைச் சுற்றி, 1994 இல் டிஸ்னியின் 'லயன் கிங்' திரைப்படத்திலும் ஒலித்தது. 2004 இல் அவரது புதல்வியர் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. கைகொடுத்தது 1911 ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம். ஆக்கியோன் உயிருடன் இருக்கையில் உரிமையை விற்றிருப்பினும், அவர் மறைந்து 25 ஆண்டுகளின் பின் அது வாரிசுகளுக்கு மீளும் என்பது அதன் ஏற்பாடு. 2006 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி லிண்டா இணை ஆக்குநராக ஏற்கப்பட்டதோடு குடும்பத்துக்கு உரிமத்தொகையும் கிடைத்தது.

அதே 1911 ஆம் ஆண்டுச் சட்டம் 1979 வரை இலங்கையிலும் நடைமுறையில் இருந்தது. அக்காலத்தில் சொற்ப பணத்துக்குத் தம் பாடல்களைக் கொடுத்துவிட்ட எமது கலைஞர்கள் எத்தனை பேரோ! அவர்தம் பிள்ளைகளுள் இந்த ஏற்பாட்டை அறிந்திருந்தோர் மிகச் சிலராகவே இருத்தல் கூடும்.

இன்று நடைமுறையிலுள்ளது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். பாதுகாப்புக் காலம் ஆக்கியோனின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளுமாகும். ஊழியர் ஒருவர் தம் தொழிலின் பாகமாக ஆக்கியவற்றின் பொருளாதார உரிமை, வேறு உடன்படிக்கை இல்லையேல், தொழில்தருநரையே சேரும். ஆகவே கடமையின் பொருட்டுப் பாடசாலைக் கீதம் எழுதும் ஆசிரியர், ஷேர்மன் சகோதரர்களின் நிலையிலேயே இருக்கின்றார். ஓய்வு வேளையில் தம் விருப்பில் எழுதியது அவருடையதே. அதனை வேறொருவருக்கு மாற்றுவதாயின் எழுத்து வடிவில், இரு தரப்பும் ஒப்பமிட்டே மாற்ற வேண்டும். உரிமை எவரிடம் சென்றாலும், ஆக்கியவர் என்று தம் பெயர் குறிக்கப்பட வேண்டுமெனக் கோருவதற்கு அவருக்குச் சட்டம் இடமளிக்கின்றது. விழா மலர்களில் கீதத்தை அச்சிடும் அதிபர்கள் இயற்றியவர் பெயரையும் சேர்த்து அச்சிடுவார்களாக.