ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே - உயர்த்தப்பட்ட பின்புறத் தொங்கல் அமைப்பு

ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே என்பது 1984 முதல் 2001 வரையிலான மாதிரி ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனையான வாகனம் ஆகும். அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் இதனை அறிமுகப்படுத்தியது. 1987ஆம் ஆண்டு அந்நிறுவனத்தைக் கிரைஸ்லர் வாங்கியபின் கிரைஸ்லரின் தயாரிப்பாகத் தொடர்ந்தது. கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவோர் பெரிய டயர்களைப் பொருத்துவதற்காக இவ்வாகனத்தின் உடலை அச்சிலிருந்து மேலே உயர்த்துவது வழக்கம். அவ்வாறு உயர்த்தியபின் பின்புறத்தில் தோன்றும் உரசல், அதிர்வு, உடைப்பு ஆகியவற்றின் காரணங்களையும் அவற்றைக் கண்டறியும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமைப்பு

எக்ஸ்ஜே வாகனத்திற்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலும் சட்டகமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. முன்புறத்தில் சுருள்வில்லும் பின்புறத்தில் பட்டைவில்லும் உள்ளன. பட்டைகள் பின்னச்சின் மேல் அமர்ந்து, யூ போல்ட்டுகளால் அச்சுடன் இறுக்கப்படுகின்றன. பட்டையின் முன்முனை உடலில் நிலையாகப் பிணைக்கப்பட்டுள்ளது. பின்முனை ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்குகிறது. பட்டை அமுங்கும்போது அதன் நீளம் கூடுவதால் இந்த ஊசலாட்டம் தேவைப்படுகிறது.

இங்கு பட்டை இரண்டு வேலைகளைச் செய்கிறது. எடையைத் தாங்குவது ஒன்று. அச்சு முன்பின் நகராமலும் சுழலாமலும் பிடிப்பது மற்றொன்று. பெரும்பாலான உடைப்புகள் இரண்டாம் வேலையில் ஏற்படும் குறைபாட்டால் விளைகின்றன.

உயரமும் இடைவெளியும்

பட்டையை மாற்றி உயர்த்தினால் உடலின் உயரம் மட்டுமே கூடும். தரைக்கும் அச்சுக்கும் இடையிலான இடைவெளி மாறாது. அதனைக் கூட்டுவது டயர் மட்டுமே. 28 அங்குல விட்டமுள்ள டயருக்குப் பதிலாக 31 அங்குல டயரைப் பொருத்தினால் அச்சு 1.5 அங்குலம், அதாவது சுமார் 38 மி.மீ. உயரும்.

நின்ற நிலையில் போதிய இடைவெளி தெரிந்தாலும், ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது டயர் மட்கார்டின் விளிம்பில் உரசக்கூடும். ஆகவே இடைவெளியை முழு அசைவில் அளத்தல் வேண்டும். ஒரு பின்சக்கரத்தைச் சரிவுப்பலகையில் ஏற்றி, பின்வருவனவற்றைச் சரிபார்க்கலாம்:

* முழுதும் அமுங்கும்போது முதலில் தடுப்பு ரப்பரே அச்சைத் தொட வேண்டும். ஷாக் அப்சார்பரோ டயரோ முதலில் முட்டக் கூடாது.
* முழுதும் தொங்கும்போது அசைவை ஷாக் அப்சார்பர் நிறுத்த வேண்டும். பிரேக் குழாய் அப்போதும் தளர்வாக இருத்தல் வேண்டும்.

எக்ஸ்ஜேயில் உடலிலிருந்து பின்னச்சுக்கு ஒரே ரப்பர் பிரேக் குழாய் செல்கிறது. இது இழுபட்டுக் கிழிந்தால் பின் பிரேக்குகள் இரண்டும் செயலிழக்கும். எனவே உயரத்தைக் கூட்டும்போது நீளமான குழாயைப் பொருத்துவது கட்டாயமாகும்.

பட்டை உடைதல்

குறைந்த செலவில் உயர்த்த விரும்புவோர் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே உலோகக் கட்டைகளை வைப்பதுண்டு. வாகனம் முடுக்கப்படும்போது அச்சின் பினியன் முனை மேல்நோக்கித் திரும்ப முயல்கிறது. கட்டையின் உயரம் கூடக்கூட இத்திருகலுக்கு நெம்புகோல் நீளம் கிடைக்கிறது. பட்டை ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைந்து, திடீரென நிமிர்கிறது. சேற்றிலோ பாறையிலோ சக்கரம் துள்ளுவதாக ஓட்டுநர் உணர்வது இதனையே. இது தொடர்ந்தால் யூ போல்ட்டை ஒட்டிய இடத்தில் பட்டை முறியும். ஒரு கட்டைமேல் மற்றொரு கட்டையை அடுக்குவது ஆபத்தானது. உயரத்திற்கேற்ற வளைவுடன் செய்யப்பட்ட முழுப் பட்டைத் தொகுதியே தகுந்த தீர்வாகும்.

பட்டைகளை ஒன்றாகப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை, அச்சின் இருக்கையில் உள்ள துளையில் பொருந்தி அச்சின் இடத்தை நிலைப்படுத்துகிறது. யூ போல்ட்டுகள் தளர்ந்தால் இப்போல்ட் வெட்டுண்டு, அச்சு ஒருபக்கம் பின்வாங்கும். இடது, வலது ஆகிய இரு பக்கங்களிலும் பட்டையின் முன்முனைப் போல்ட்டிலிருந்து அச்சுவரை அளந்தால் வேறுபாடு தெரியும். ஒருமுறை இறுக்கிய யூ போல்ட்டுகள் நீண்டிருக்கும் என்பதால் அவற்றைக் கழற்றியபின் புதியன பொருத்த வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்குதல் அவசியம்.

உந்துதண்டு அதிர்வு

உடல் உயரும்போது டிரான்ஸ்ஃபர் கேஸும் உயர்கிறது; அச்சு அதே இடத்தில் நிற்கிறது. ஆகவே பின் உந்துதண்டின் சாய்வு கூடுகிறது. தண்டின் வழுக்கு முனை டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து சற்று வெளியே இழுபடவும் செய்கிறது. விளைவாக அதிர்வும், யூனிவர்சல் ஜாயிண்ட் விரைவில் தேய்வதும் ஏற்படும். தீர்வுகள்:

* டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தைச் சுமார் 1 அங்குலம் தாழ்த்துதல். இது எளிது, எனினும் அடிப்பகுதியின் தரை இடைவெளி குறையும்.
* ஆப்பு வடிவத் தகடுகளால் பினியனின் கோணத்தைத் திருத்துதல். அலுமினியத் தகடுகள் நொறுங்கக்கூடும் என்பதால் எஃகுத் தகடுகளே விரும்பப்படுகின்றன.
* வழுக்கு முனையை நீக்கி, மேல்முனையில் இரட்டை இணைப்புள்ள உந்துதண்டைப் பொருத்துதல்.

முனைக்கு ஓர் இணைப்புள்ள சாதாரணத் தண்டாயின், பினியனும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளித்தண்டும் இணையாக இருத்தல் வேண்டும். இரட்டை இணைப்புத் தண்டாயின், பினியன் தண்டின் திசையையே நோக்க வேண்டும். பாரத்தில் அது உயருமென்பதால் 1 முதல் 2 பாகை தாழ்த்தி வைப்பர். நீளமான ஷேக்கிள் பொருத்தினாலும் பினியன் சற்று மேல்நோக்கித் திரும்பும் என்பதால் கோணத்தை இறுதியில் அளப்பதே முறை.

அச்சுத்தண்டு உடைதல்

எக்ஸ்ஜேயில் டேனா 35, கிரைஸ்லர் 8.25, டேனா 44 ஆகிய பின்னச்சுகள் ஆண்டுக்கும் வகைக்கும் ஏற்பப் பயன்பட்டன. இவற்றுள் டேனா 35 வலிமை குறைந்தது. அதன் பெரிய பல்சக்கரத்தின் விட்டம் சுமார் 7.56 அங்குலம். டேனா 44 அச்சில் அது 8.5 அங்குலம். 1990களின் டேனா 35 அச்சுகளில், அச்சுத்தண்டை டிஃபரென்சியலுக்குள் உள்ள சி வடிவக் கொக்கி மட்டுமே பிடித்திருக்கும். தண்டு முறிந்தால் சக்கரம் தண்டுடன் சேர்ந்து வெளியே நழுவக்கூடும். பெரிய டயர், பூட்டும் டிஃபரென்சியல் ஆகிய இரண்டும் சேரும்போது இவ்வாபத்து மிகுகிறது. ஆகவே 33 அங்குல டயரைப் பொருத்துமுன் எந்த அச்சு உள்ளது என்று அறிவது இன்றியமையாதது.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை

* பின் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டுகள் உடலில் பற்றவைத்த நட்டுகளில் இறங்குகின்றன. துருப்பிடித்த வாகனங்களில் இவை முறிவது மிக இயல்பு. சில நாட்கள் முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெய் இடுவது நன்று.
* பட்டையின் முன்முனைப் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். வலிந்து திருப்பினால் உடலுக்குள் உள்ள நட்டு பெயர்ந்துவிடும்.
* ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வாகனம் தன் எடையுடன் தரையில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்குண்டு நின்று, விரைவில் கிழியும்.
* வாகனத்தின் அடியில் வேலை செய்யும்போது தாங்கிகள் இன்றி ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

பாதுகாப்பு

உயர்த்துவதால் வாகனத்தின் ஈர்ப்பு மையம் உயர்ந்து, திருப்பங்களில் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. பெரிய டயர்களால் நிறுத்தும் தொலைவும் நீள்கிறது. எனவே தேவையான டயர் பொருந்துமளவிற்கு மட்டும் உயர்த்துவதே சிறந்ததாகும்.

இவற்றையும் பார்க்க

* பட்டைவில்
* டிஃபரென்சியல்
* நாற்சக்கர இயக்கம்