தேக்கடி ஏரியில் நிற்கும் பட்டமரங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேரனுக்கு அறிவியல் பாடம் சொல்லிக்கொடுத்தேன். உயிருள்ள காரணிகள், உயிரற்ற காரணிகள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 'சூழ்நிலை மண்டலம்' என்று நடத்திய அதே பாடம்தான். உடனே எனக்கு ஒரு பழைய கடன் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேக்கடிக்கு அழைத்துப்போனோம். படகில் போகும்போது தண்ணீருக்கு நடுவே கறுத்த பட்டமரங்கள் நிற்குமே, அதைக் காட்டினேன். திரும்பி வந்து வைத்த தேர்வில், பட்டமரத்தை உயிரற்றது என்று எழுதாமல் ஒரு பிள்ளை இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. சிவப்பு மையால் அடித்துவிட்டேன். "சார், அதுல பறவை கூடு கட்டியிருந்துச்சே" என்று எழுந்து கேட்டது. "உட்கார்" என்றேன். அவ்வளவுதான்.

அந்த மரங்களின் கதையை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். இந்தப் பக்கம் நமக்குக் காற்றும் சாரலும்தான். மேற்கே கடலுக்குப் போகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை அதற்கும் முன்பே இருந்தது. பஞ்சம் அதை அவசரமாக்கியது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர். 1887-ல் வேலை தொடங்கியது. வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போக, பென்னிகுயிக் மறுபடி கட்டினார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் சேர்ந்து ஆற்றுமட்டத்திலிருந்து 155 அடி உயரம். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். (நீர்மட்ட வழக்கைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கருத்துப் பகுதியில் சண்டை வேண்டாம், சொல்லிவிட்டேன்.)

வேலையாட்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் செத்தார்கள். மலேரியா. அந்தச் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் பொருள். காட்டுக் காற்றும் சதுப்பு ஆவியும்தான் ஆளைக் கொல்கிறது என்று அக்காலத்தில் பரவலாக நம்பினார்கள். அணை முடிந்து இரண்டு வருஷம் கழித்து, 1897-ல்தான் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டார். உயிரற்ற காற்றின் மேல் போட்ட பழி உயிருள்ள கொசுவினுடையது! இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் ஏது? பணியில் இருந்தவரை ஒரு வகுப்பிலும் இதை நான் சொன்னதில்லை என்பதுதான் வருத்தம்.

தண்ணீர் ஏறியபோது பள்ளத்தாக்குக் காடு நின்றபடியே மூழ்கியது. தண்ணீருக்கு அடியில் காற்று குறைவு, அதனால் மரம் மக்குவது மிக மெதுவாகத்தான். நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு காயவைக்கும், கூடு கட்டும். ஏரியைக் காக்க 1899-ல் சுற்றியுள்ள காட்டை ஒதுக்கினார்கள். 1950-ல் அது வனவிலங்குச் சரணாலயம், 1978-ல் புலிகள் காப்பகம். நீர் வடியும் கரையில் முளைக்கும் புல்லுக்கு யானை இறங்கி வருகிறது. சுண்ணாம்பிலும் கல்லிலும் ஆரம்பித்த சங்கிலி யானை வரைக்கும் வந்திருக்கிறது பாருங்கள்.

நம் பக்கம் சொல்லவே வேண்டாம். சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்புக்கு இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வரும் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஜூன் முதல் தேதி தண்ணீர் திறந்துவிட்டால் நாற்றங்காலில் தவளைச் சத்தம், பின்னாலேயே கொக்கு. வாய்க்கால் ஓரத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

'ஈகோசிஸ்டம்' என்ற சொல்லை டான்ஸ்லி என்ற ஆங்கிலேயர் 1935-ல்தான் அச்சில் கொண்டுவந்தார். உயிருள்ளதையும் மண், நீர், வெயிலையும் பிரித்துப் பார்க்கக் கூடாது, ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அந்தச் சொல்லை எடுத்தார். நானோ கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினேன். செத்த மரம் எந்தப் பக்கம் என்று கேட்ட ஒரே பிள்ளையையும் உட்காரவைத்துவிட்டேன்.

அந்தப் பிள்ளை இதைப் படிக்கிறதா, தெரியவில்லை. பெயர் நன்றாக ஞாபகம் இருக்கிறது, இங்கே போடப்போவதில்லை. தாயி, அந்த அரை மதிப்பெண் உனக்கு உண்டு. கம்பம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்.