தூரிகையைத் தொடாமல் ஓவியம் வரைந்தவர்... யார் இந்த ஈவ் கிளைன்? ஓவியத்தை மேடை ஏற்றியது ஏன்?

1960 மார்ச் 9, பாரிஸ். ஓவியக்கூடம் ஒன்றில் சுமார் 100 விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள். கறுப்பு கோட், வெள்ளை கையுறையோடு ஒருவர் உள்ளே வருகிறார். அவர் கையசைத்ததும் இசைக்குழு ஒரே ஒலியை 20 நிமிடம் விடாமல் வாசிக்கிறது. பிறகு 20 நிமிடம் மௌனம். இதற்கிடையே ஆடையற்ற 3 பெண்கள் நீல பெயின்ட்டை உடலில் பூசிக்கொண்டு வெள்ளைத் தாளில் பதிகிறார்கள்.

அந்த கோட் போட்டவர்தான் ஓவியர் ஈவ் கிளைன். அன்று அவர் கையில் ஒரு சொட்டு பெயின்ட்கூட படவில்லை!

யார் இவர்?

1928-ல் பிரான்ஸின் நீஸ் நகரில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே ஓவியர்கள். ஆனால் கிளைன் முதலில் பிடித்தது ஜூடோவை. ஜப்பானுக்கே போய் 4-வது டான் கறுப்பு பெல்ட் வாங்கினார். உடம்பின் அசைவும் ஒரு கலைதான் என்ற எண்ணத்துக்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

நீலத்தில் என்ன ஸ்பெஷல்?

நீலப் பொடியை எண்ணெயில் குழைத்தால் அதன் பளிச் மங்கிவிடும். பெயின்ட் வியாபாரி ஒருவர் உதவியோடு, செயற்கைப் பிசினில் கலந்து அந்தப் பளிச்சைக் காப்பாற்றினார் கிளைன். 1960 மே மாதம் இந்த முறையைப் பதிவும் செய்தார். பலரும் சொல்வதுபோல அது காப்புரிமை இல்லை. 'இந்தத் தேதியில் இது என்னிடம் இருந்தது' என்பதற்கான சான்று, அவ்வளவுதான்.

காலி அறைக்கு கூட்டமா?

ஆமாம். 1958-ல் பாரிஸில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து, ஒரு படமும் மாட்டாமல் கண்காட்சி என்று அறிவித்தார். வாசலில் சீருடைக் காவலர்கள், குடிக்க நீல பானம். அதைப் பார்க்க கூட்டம் அலைமோதியது. சுவரில் எதுவும் இல்லாதபோது, வந்தவர்களின் எதிர்பார்ப்புதான் காட்சிப் பொருள்.

மாடியிலிருந்து குதித்தது நிஜமா?

பாதி நிஜம். 1960 அக்டோபரில் பாரிஸ் அருகே ஒரு சுவரிலிருந்து கிளைன் குதித்தார். கீழே நண்பர்கள் தார்ப்பாயைப் பிடித்திருந்தார்கள். அந்தப் படத்தோடு, ஆளில்லா தெருவின் படத்தை புகைப்படக்காரர்கள் ஷங்க், கெண்டர் ஒட்டிக் கொடுத்தார்கள். தார்ப்பாய் மறைந்தது, மனிதன் பறந்தான். நவம்பர் 27 அன்று தானே ஒரு நாள் பத்திரிகை அச்சடித்து அதில் அந்தப் படத்தை வெளியிட்டார் கிளைன். போட்டோஷாப் வருவதற்கு 30 வருடம் முன்பு நடந்த கதை இது.

பெண்கள் வெறும் தூரிகையா?

கிளைன் மீதான பெரிய விமர்சனமே இதுதான். அந்தப் பெண்களை அவர் 'உயிருள்ள தூரிகைகள்' என்றார். கோட் போட்ட ஆண் கட்டளையிட, பெண் உடல் கருவியாகிறது என்று பின்னாளில் பலர் கண்டித்தார்கள். ஆனால் அவருடன் பணியாற்றிய எலெனா பலும்போ-மோஸ்கா, தன்னை வெறும் கருவியாக உணரவில்லை, பங்காளியாகவே உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். விவாதம் இன்னும் முடியவில்லை.

கடைசி காட்சி

இதே நிகழ்ச்சியை 'மோண்டோ கேன்' என்ற இத்தாலிய படத்துக்காக மீண்டும் செய்து காட்டினார். 1962 மே மாதம் கான் திரைப்பட விழாவில் அதைப் பார்க்க நேரில் போனார். திரையில் அவருடைய இசை இல்லை, மௌனமும் இல்லை. உலகின் விசித்திரங்களில் ஒன்றாக, கேலிப் பொருளாகக் காட்டியிருந்தார்கள். அதையொட்டி அவருக்கு மாரடைப்பு வந்தது. ஜூன் 6 அன்று, 34 வயதில் காலமானார். மகன் பிறந்தது அதற்குப் பிறகுதான்.

குதித்த படத்தில் எதைக் காட்டணும், எதை மறைக்கணும் என்று முடிவு செய்தவர் கிளைன். கான் திரையில் அந்த முடிவு வேறொருவர் கையில் இருந்தது.