படச்சுருளும் பாட்டாளியும்

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களைக் கண்டு களித்த மக்கள் நாம். அத்துணியிலே சென்னையைக் கண்டோம். அரசரையும் அரம்பையரையும் கண்டோம். நம்மை நாம் கண்டோமில்லை. இதன் காரணம் யாது? கணக்கெழுதும் தொழிலினராகிய நாம் அதற்கு விடையைச் செலவேட்டிலேயே தேடப் புகுகின்றோம்.

ஆயிரம் அடி நீளமுள்ள 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஏறத்தாழ 11 நிமிடமே ஓடும். அதனை வாங்கவும், கழுவவும், படியெடுக்கவும் பெரும்பொருள் வேண்டும். ஆகவே படத்தொழில் முதலாளியின் கூடத்துள் அடங்கிற்று. 1930-களில் சிங்கப்பூரில் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் இயக்கிய 'லைலா மஜ்னூன்' என்னும் மலாய்ப் படத்திற்கு முதலிட்டது ஒரு வணிக நிறுவனமே. பின்னர் ஷா சகோதரரின் ஜாலான் அம்பாஸ் கூடத்தில் இந்திய இயக்குநர் பலர் மலாய்ப் படங்களை ஆக்கினர். சென்னையிற் பிறந்த எல். கிருஷ்ணன் அவருள் ஒருவர். திறமை நம்மவரிடம் இருந்தது. கருவியோ பிறர் கையில் இருந்தது. அக்கூடமும் 1967-இல் மூடப்பட்டது.

சுருள் வேண்டாத டிஜிட்டல் கேமரா வந்ததும் நிலைமை மாறிற்று. 2000-ஆம் ஆண்டில் அமீர் முகம்மது 'லிப்ஸ் டு லிப்ஸ்' என்னும் படத்தை அக்கருவி கொண்டே எடுத்தார். 2005-இல் தீபக் குமரன் மேனன் அம்முறையிலேயே 'செம்மண் சாலை'யைத் தமிழில் ஆக்கினார். ரப்பர்த் தோட்டத்துப் பெண்ணொருத்தி பல்கலைக்கழகம் செல்ல விழைவதே அதன் கதை. 2015-இல் வெளிவந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்தை இழந்து புறம்போக்கில் குடியேறிய குடும்பத்துச் சிறுவனைக் காட்டிற்று. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியல்லாத படங்களைத் தனி வரிசையில் நிறுத்த முற்பட்டபோது கலைஞரிடையே எதிர்ப்பு எழுந்தது, வரிசை திருத்தப்பட்டது, சிறந்த மலேசியப் படத்திற்குரிய பரிசை 'ஜகாட்' பெற்றது.

இனி வழி எளிதென்று களித்திருத்தல் பேதைமை. கருவியின் விலை குறைந்தது. அரங்கின் வாயில் அகலவில்லை. ஏழையும் இன்று படம் எடுக்கலாம். காண்பார் இல்லையேல் அவன் அடுத்த படம் எடுப்பது எங்ஙனம்? முன்னாளில் முதலாளியின் பணப்பெட்டி தீர்மானித்ததில் ஒரு பங்கை இன்று நமது நுழைவுச்சீட்டு தீர்மானிக்கின்றது. சென்னைப் பெருநடிகரின் படத்திற்கு முதல் நாளே வரிசையில் நிற்கும் நாம், நம் வாழ்வைக் காட்டும் படத்திற்கு ஒரு மாலைப்பொழுதை ஈயலாகாதா? அச்சிறு செலவையும் நம் வீட்டுக் கணக்கில் எழுதுவோமாக.