பிளாஸ்டிக் புழு: வீட்டு அடுப்பில் தொடங்கிய ஒரு கைத்தொழில்

தூண்டில் முள்ளில் கோக்கும் மென்மையான பிளாஸ்டிக் இரையின் வரலாறு 1949இல், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், ஒரு வீட்டில் தொடங்குகிறது. நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளியும் அவர் மனைவி காஸ்மாவும் உயிருள்ள மண்புழுவைக் கொண்டு அச்சு எடுத்தார்கள். வினைல், எண்ணெய், நிறமி ஆகியவற்றை அடுப்பில் காய்ச்சி அந்த அச்சில் வார்த்தார்கள். ஆறியதும் கைக்கு வழவழப்பாக, நீரில் நெளியக்கூடிய புழு ஒன்று கிடைத்தது. இன்று உலகெங்கும் தொழிற்சாலைகள் வார்க்கும் பல வகை இரைகளுக்கு அதுவே மூலம்.

அதற்கு முன்பும் செயற்கை இரைகள் இருந்தன. மரத்தைச் செதுக்கி வண்ணம் பூசிய மீன் உருவங்களும், உலோகத் தகட்டில் செய்த கரண்டி வடிவ இரைகளும் புழக்கத்தில் இருந்தன. ரப்பரில் புழு செய்யும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. ஆனால் ரப்பர் விறைப்பானது; உயிருள்ள புழுவின் துவளல் அதில் வரவில்லை. இல்லாதிருந்தது தகுந்த மூலப்பொருள்தான்.

அந்தப் பொருளும் ஆக்ரனிலேயே பிறந்தது. ரப்பர் ஆலைகளால் பெயர்பெற்ற அந்த ஊரில், பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வேதியியலாளர் வால்டோ செமன் 1926இல் ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பாலிவினைல் குளோரைடு எனப்படும் பி.வி.சி.யை அதிகக் கொதிநிலையுள்ள கரைப்பானில் இட்டுக் காய்ச்சியபோது, பசைக்குப் பதில் வளைந்து கொடுக்கும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. கடினமான பி.வி.சி.யின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே எண்ணெய் போன்ற மென்மையூட்டி புகுந்து அதை இளக வைக்கிறது என்பதே அதன் அடிப்படை. மழைக்கோட்டும் குளியலறைத் திரையும் அதிலிருந்து வந்தன. பி.வி.சி. தூளை மென்மையூட்டியில் கலந்த குழம்புக்குப் பிளாஸ்டிசால் என்று பெயர். தூண்டில் புழுவின் மூலப்பொருள் இன்றும் அதுதான்.

கிரீம் தம்பதியர் 1951இல் அஞ்சல் வழியாக விற்பனையைத் தொடங்கினார்கள். ஒரு டாலருக்கு ஐந்து புழுக்கள். தேவை பெருகியதும் வீட்டில் வார்ப்பது போதாமல் தொழிற்கூடம் வந்தது. பின்னர் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகருக்குத் தொழில் இடம்பெயர்ந்தது.

டெக்சாஸில்தான் இந்தப் புழு தன் முழு வலிமையைக் காட்டியது. அணை கட்டி உருவான ஏரிகளில் மூழ்கிய மரங்களும் புதர்களும் நிறைந்திருந்தன. பெரியவாய் பாஸ் மீன் பதுங்குவதும் அங்கேதான். திறந்த முள் கிளையில் மாட்டி நூலை அறுத்துவிடும். இதற்கு அங்குள்ள மீன்பிடிப்பாளர்கள் ஒரு வழி கண்டார்கள். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் அரை அங்குலம் போல ஏற்றி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, நுனியை மீண்டும் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்தார்கள். முன்னால் கூம்பு வடிவ ஈயக்குண்டு ஒன்று நூலில் தடையின்றி நகரும். புழு கிளைகளுக்கு இடையே மாட்டாமல் நழுவும். மீன் கவ்வியதும் சுண்டி இழுத்தால் முள் மென்மையான பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு தைக்கும். ‘டெக்சாஸ் ரிக்’ என்று பெயர் பெற்ற இந்த முறை கெட்டியான இரையில் சாத்தியமே இல்லை.

1967இல் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் பாஸ் மீன்பிடிப் போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டு பாஸ் மீன்பிடிப்பாளர் சங்கத்தையும் தொடங்கினார். போட்டிகள் பரவியதும் இரையில் புதுமைகள் பெருகின. அலபாமாவின் டாம் மான் பழ வாசனை ஏற்றிய புழுக்களை விற்றார். 1980களில் ஜீன் லாரூ பிளாஸ்டிக்கில் உப்பைக் கலந்து அதற்குக் காப்புரிமை பெற்றார். உப்புச்சுவை உணர்ந்த மீன் இரையை உடனே துப்புவதில்லை என்பது அதன் காரணமாகச் சொல்லப்பட்டது. கேரி யமமோட்டோவின் ‘சென்கோ’ என்ற புழு, உப்பின் எடையால் ஈயம் கட்டாமலே மூழ்கி, மூழ்கும்போதே இரு முனைகளும் அதிர்ந்தது. வாலோ காலோ இல்லாத அந்தக் குச்சி வடிவம் மிகப் பெரும் வெற்றி பெற்றது.

தொழிற்சாலை எவ்வளவு வளர்ந்தபோதும் வீட்டு வார்ப்பு மறையவில்லை. பிளாஸ்டிசாலுக்கு வேண்டியது சூடும் அச்சும் மட்டுமே என்பதே காரணம். கடையில் கிடைக்காத நிறம், தம் ஏரிக்கு ஏற்ற அளவு, குறைந்த செலவு ஆகியவற்றுக்காக ஆயிரக்கணக்கானோர் தாமே வார்க்கிறார்கள். கிழிந்த பழைய புழுக்களை உருக்கி மறுபடி வார்க்கவும் முடியும்.

தொடக்கத்தில் வீட்டு அச்சுகள் பாரிஸ் சாந்தில் செய்யப்பட்டன. ஒரு புழுவைச் சாந்தில் பாதி பதித்துக் காயவிட்டு, எபாக்சியோ வெள்ளைப் பசையோ பூசித் துளைகளை அடைப்பார்கள். ஈரம் மிஞ்சினால் கொதிக்கும் பிளாஸ்டிக் பட்டதும் நீராவி கிளம்பிக் குமிழியிடும், தெறிக்கும். பின்னர் சிலிக்கான் அச்சுகளும், கணினி வழி கடைந்த அலுமினிய அச்சுகளும் வந்தன. மூடிய அலுமினிய அச்சில் ஊசிக்குழல் போன்ற கருவியால் அழுத்திச் செலுத்தும்போது புழுவின் இரு பக்கமும் ஒரே சீராக அமைகிறது.

செய்முறையின் உயிர் வெப்பத்தில் இருக்கிறது. குழம்பு முதலில் வெண்மையாக நீர்த்திருக்கும். சூடேறும்போது தயிர்போலத் திரளும். 175 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகி, கண்ணாடித் தெளிவுக்கு வரும். அப்போதுதான் நிறமும் மினுக்குத் தூளும் சேர்த்து வார்க்க வேண்டும். சூடு குறைந்தால் புழு பலமற்று உதிரும். மிகுந்தால் மஞ்சளித்துக் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். ஆகவே காற்றோட்டமான இடம், சுவாசக் கவசம், கையுறை, கண்ணாடி ஆகியன கட்டாயம். இதற்குப் பயன்படுத்திய பாத்திரத்தையும் மைக்ரோவேவையும் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது.

புழுவை மென்மையாக்கும் எண்ணெய் சில குறைகளையும் கொண்டுவந்தது. அது கசிந்து பழைய தூண்டில் பெட்டிகளையும் வண்ணம் பூசிய இரைகளையும் உருக்கிவிட்டதால், அதைத் தாங்கும் பெட்டிகள் தனியாக வந்தன. மென்மையூட்டியாகப் பயன்பட்ட தாலேட் வகைகள் உடல்நலக் கவலையை எழுப்ப, தாலேட் இல்லாத பிளாஸ்டிசால் சந்தைக்கு வந்தது. நீரில் கழன்று விழும் புழுக்கள் மட்குவதில்லை. மீன் விழுங்கினால் வயிற்றில் ஊறிப் பருக்கின்றன. பயன்பட்டதைக் கரையிலும் நீரிலும் எறியாமல் சேர்த்துவைத்து மீண்டும் உருக்குவது இதற்கு ஓரளவு தீர்வு. வீட்டில் வார்ப்பவர்கள் செலவை மிச்சப்படுத்தத் தொடங்கிய அந்தப் பழக்கம், இன்று ஏரிகளுக்கும் நன்மை செய்கிறது.