உதடு, நாக்கு அழற்சியும் உயிர்ச்சத்துக் குறைபாடும்: வரலாறு

உதட்டழற்சி என்பது உதடுகள் சிவந்து, வறண்டு, வெடிக்கும் நிலை ஆகும். நாக்கழற்சியில் நாக்கு வீங்கிச் சிவக்கும். அதன் சொரசொரப்பு மறைந்து வழவழப்பாகும். வாயின் ஓரங்களில் தோல் வெடிப்பது வாயோரப் புண் எனப்படுகிறது. இவற்றுக்குக் காரணங்கள் பல. எனினும் உணவில் எந்தச் சத்து குறைகிறது என்பதை 20ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் கண்டறிய இவை பெரிதும் உதவின.

சிவந்த நாக்கு

மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் பெல்லாக்ரா நோய் மிகுந்திருந்தது. தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியவற்றுடன் நாக்கும் சிவந்து எரியும். இது தொற்றுநோய் அன்று, உணவுக் குறைபாடே என்று அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் நிறுவினார். நாய்களுக்கு வரும் 'கருநாக்கு' நோயும் இத்தகையதே என்று அவர் கருதினார். 1937இல் கான்ராட் எல்வேஜெம் குழுவினர் நிக்கோட்டினிக் அமிலத்தால் கருநாக்கைக் குணப்படுத்தினர். விரைவில் அதுவே மனிதர்களின் பெல்லாக்ராவுக்கும் மருந்தாயிற்று.

குன்னூர் ஆய்வு

நியாசாலாந்தில் (இன்றைய மலாவி) பெல்லாக்ரா பற்றி 1912இல் எழுதிய ஹியூ ஸ்டானஸ், நோயாளிகளின் வாயோரப் புண்களையும் குறித்திருந்தார். அத்தகைய புண்கள் பெல்லாக்ரா இல்லாதவர்களிடமும் காணப்பட்டன. நீலகிரியில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, கிருஷ்ணனுடன் சேர்ந்து, தென்னிந்தியாவில் சோற்றையே பெரிதும் உண்டு வளர்ந்த பிள்ளைகளின் வாய்ப்புண்ணை ஆராய்ந்தார். அது உயிர்ச்சத்து பி2 குறைவால் வருவது என 1936இல் இருவரும் எழுதினர். அப்போது 'பி2' என்பது பல சத்துகள் கலந்த ஒரு தொகுதியின் பெயர். அவற்றுள் எது காரணம் என்பது தெளிவாகவில்லை.

விடை

1938இல் அமெரிக்காவின் செப்ரெல், பட்லர் ஆகியோர், ரிபோஃப்ளேவின் குறைந்த உணவு அளிக்கப்பட்ட பெண்களிடம் உதட்டுப் புண்களும் வாயோர வெடிப்புகளும் தோன்றியதைப் பதிவு செய்தனர். நிக்கோட்டினிக் அமிலம் கொடுத்தும் அவை ஆறவில்லை. ரிபோஃப்ளேவின் கொடுத்ததும் ஆறின. இவ்வாறு பெல்லாக்ராவின் பகுதியாகக் கருதப்பட்ட புண் தனிக் குறைபாடாகப் பிரிந்தது. இன்று உயிர்ச்சத்து பி2 என்பது ரிபோஃப்ளேவினையே குறிக்கும்.

இன்றைய நிலை

பால், முட்டை, ஈரல், கீரை ஆகியவற்றில் ரிபோஃப்ளேவின் உண்டு; தீட்டிய அரிசியில் மிகக் குறைவு. இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவை குறைந்தாலும், பூஞ்சைத் தொற்று ஏற்பட்டாலும் இதே புண்கள் வரலாம். ஆகவே புண்ணை மட்டும் பார்த்துக் காரணத்தை முடிவு செய்ய இயலாது. ஆயினும் ஒரே ஊரில் பல பிள்ளைகளுக்கு வாயோரம் வெடித்திருந்தால், அவர்களுடைய அன்றாட உணவையும் விசாரிக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.