ஒப்புதல்

‘ஒத்தல்’ என்ற வினையோடு உறவுடைய சொல் இது. ஒத்திருப்பது ஒப்பு, ஒன்றோடு ஒத்துப்போவது, இசைவது ஒப்புதல். நீதிமன்றத் தமிழில், குற்றத்தைத் தானே ஏற்றுச் சொல்வது ஒப்புதல் வாக்குமூலம். பேச்சுவழக்கில் இதே வேரிலிருந்து ‘ஒப்புக்குச் சொன்னான்’ என்பதும் உண்டு: மனமில்லாமல், எதிரே இருப்பவருக்காகத் தலையாட்டுவது.

அறிவுசார் குறைபாடு உடையவர்களின் விசாரணையில் இந்தப் பொருள்கள் ஆபத்தான விதத்தில் கலந்துவிடுகின்றன. கேள்வி புரியாதபோது அவர்களில் பலர் ‘ஆமாம்’ என்றே சொல்வார்கள். அதட்டலுக்கு அஞ்சியோ, சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஆசையிலோ வரும் ‘ஆமாம்’ அது. “நீதானே செய்தாய்?” என்று கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

1972இல் லண்டனில் நடந்த கான்ஃபெய்ட் கொலை வழக்கில் மூன்று சிறுவர்கள் தண்டனை பெற்றது இப்படிக் கிடைத்த வாக்குமூலங்களால்தான். மூத்தவனுக்கு 18 வயது. அவனுக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. பெற்றோர் யாரும் உடனில்லாமலே கேள்விகள் கேட்கப்பட்டன. 1975இல் மேல்முறையீட்டில் தண்டனைகள் ரத்தாயின. இத்தகையோரைக் காவல்துறை விசாரிக்கையில் பெற்றோரோ, காவல்துறையைச் சாராத வேறொரு பெரியவரோ அருகில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு, இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுக் காவல்துறை, குற்றச் சாட்சியச் சட்டத்தின் விதித்தொகுப்பில் இடம்பெற அந்த வழக்கு முக்கியக் காரணம்.

இந்தியச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே தடுத்திருந்தது; 2024இல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் அந்தத் தடை தொடர்கிறது. ஆனால் ஒப்புதலின் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடித் தொடர்புடைய பகுதிக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த இடைவெளிதான் எனக்குக் கவலை தருகிறது.